உடைத்தவன் பிடிக்க வேண்டும்

வேம்புலியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எதிராளியின் காலை உடைப்பதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்பான். மற்ற ஆட்டக்காரர்கள் உதைத்துவிட்டுப் பிறகு கேட்பார்கள். இவன் முன்கூட்டியே கேட்டு முடித்துவிடுவான். "மன்னிச்சிக்க நைனா" என்று காதோரம் ஒரு குரல் கேட்டால், அடுத்த மூச்சுக்குள் தரையில் கிடந்து புழுதி தின்ன வேண்டியதுதான். வேறு நல்ல குணம் எதையும் அவனிடம் நான் கண்டதில்லை, தேடியதும் இல்லை.

ஆறாம் ஜார்ஜ் ராஜா முடிசூட்டிக்கொண்ட வருடம் அது. நான் பஷீருதீன். பூந்தமல்லி டிரங்க் ரோடில் வண்டி மாடுகளுக்கு லாடம் கட்டுவது என் பிழைப்பு. கோடையில் ஏரிகள் வற்றியதும் ஏரிக்குள்ளேயே கம்பம் நட்டு ஃபுட்பால் ஆடுவோம். அது என் பைத்தியம். பூட்ஸ் போட்டு ஆடியவர்கள் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் மட்டும்தான், நாங்கள் எல்லாரும் வெறுங்கால். வெறுங்காலால் எலும்பை உடைக்க முடியுமா என்று யாராவது கேட்டால், அந்த ஆள் வேம்புலியின் குதிகாலைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அவன் காட்டுப்பாக்கம் அணியின் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். அவன் செய்யாத அயோக்கியத்தனம் கிடையாது. கார்னர் அடிக்கும்போது கூட்டத்துக்குள் புகுந்து விரலிடுக்கில் வைத்திருக்கும் கருவேல முள்ளால் தொடையில் குத்துவான். கீழே விழுந்து எழும்போது கையில் மண்ணோடு எழுவான், அந்த மண் எதிராளியின் கண்ணுக்குப் போகும். நிஜார் நாடாவை உருவுவான். டிரில் வாத்தியார் கங்காதரன்தான் எங்கள் ஆட்டங்களுக்கெல்லாம் ரெஃபரி. வேம்புலி இருக்கும் திசையைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் கழுத்து நன்றாகப் பழகியிருந்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார், மழை வருமா என்று ஆராய்கிறவர் போல.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் எலும்பு முறிந்தால் கட்டுக் கட்டுகிறவள் வேம்புலியின் அம்மா அங்கம்மா. ஐயப்பன்தாங்கல், போரூர், பூந்தமல்லி, எங்கே யார் மரத்திலிருந்து விழுந்தாலும் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்தால் எடுத்துக்கொள்வாள், வேறொன்றும் வாங்க மாட்டாள். ஆனாலும் ஊர் சும்மா இருக்குமா? மகன் உடைக்கிறான், ஆத்தா கட்டுகிறாள், நல்ல குடும்பத் தொழில் என்று அவள் காதுபடவே சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் உண்டு.

அவளிடம் ஒரு கட்டளை இருந்தது. அடித்து உடைந்த எலும்பாக இருந்தால், உடைத்தவன்தான் வந்து ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் வராமல் அவள் கை வைக்க மாட்டாள். வரப்புச் சண்டையில் மண்டையில் அடித்தவனும், கள்ளுக்கடையில் கையை முறித்தவனும் வந்து, தான் உடைத்தவனைத் தன் மடியில் போட்டு, அவன் அலறுவதை முகத்துக்கு நேரே கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்டவர்களில் பலர் மறுபடி யார் மேலும் கையை ஓங்கியதில்லை. அவள் மகனுக்கு மட்டும் அது ஏறவில்லை. பிடித்துப் பிடித்து அவன் அதில் தேர்ந்த ஆளாகிவிட்டான்.

போன வருடக் கோடையில் என் வலது கால் அவனிடம் மாட்டியது. பந்தோடு நான் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். எதிரே கோல்கீப்பர் மட்டும். பக்கத்தில் அந்தக் குரல் வந்தது. முழங்காலுக்குக் கீழே பச்சை விறகு முறிகிற சத்தம் கேட்டது. கங்காதரன் வானத்தைப் பார்த்தார்.

அங்கம்மா வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் மேல் என்னைக் கிடத்தினார்கள். வேம்புலி சாவகாசமாக வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "ஒடம்ப தளர்த்தி வுடு பாய். இழுத்துப் புட்சா ரொம்ப நோவும்" என்று புத்தி வேறு சொன்னான். அங்கம்மா என் வாயில் துணியைத் திணித்தாள். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்து, "மன்னிச்சிக்க நைனா" என்று சொல்லிவிட்டுக் காலைப் பிடித்து இழுத்தாள்.

வலியிலும் எனக்கு அது உறைத்தது. எலும்பை இழுப்பதற்கு முன்னால் அவள் எல்லாரிடமும் சொல்லும் வார்த்தை அது. அதைத்தான் அந்தப் படுபாவி மைதானத்துக்குக் கொண்டுபோய் நக்கலாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என் தலைக்கு மேலே அவன் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எலும்பு சேர்ந்ததும் அங்கம்மா இடுப்பிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். கால் கட்டைவிரல் நடுவிலிருந்து முழங்கால் சில்லின் நடுவுக்கு நூலைப் பிடித்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஒரு நெல்லின் அகலம் விலகியிருந்தது. "ஊஹூம்" என்றாள். மறுபடி இழுத்தாள். நான் மயங்கி விழித்தபோது நூல் சில்லின் நட்டநடுவில் கிடந்தது. அதற்கப்புறம்தான் முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தம் மாவைக் குழைத்துத் தடவிய துணியைச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். துணி காய்ந்து கல்லாகும் வரை வேம்புலி என்னை அசையவிடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் வேலை சுத்தம்.

கால் நேராகக் கூடியது. என் மனம்தான் கூடவில்லை. நொண்டியடித்துக்கொண்டு லாடம் கட்டிய நாளெல்லாம் ஒரே நினைப்புதான். அவன் இனிமேல் பந்தைத் தொடக் கூடாது. கோப்பை வேண்டாம், ஜெயிப்பு வேண்டாம், எனக்கு அது மட்டும் போதும்.

இதற்கிடையில் வேம்புலி ஐயப்பன்தாங்கல் உலகநாதனை உடைத்தான். உலகநாதன் மரமேறி. முழங்கால் சில்லே நொறுங்கிப்போயிருந்தது. அங்கம்மா இரண்டு தடவை கட்டு மாற்றிப் பார்த்தாள், கடைசியில் கையை விரித்துவிட்டாள். மரமேறுகிறவனுக்கு முழங்கால் மடங்கவில்லை என்றால் என்ன இருக்கிறது? அவன் மனைவி வந்து அங்கம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேம்புலி ஆடத்தான் செய்தான்.

முடிசூட்டு விழாவுக்காக ஒரு ரைஸ் மில் முதலாளி கோப்பை வைத்தார். கடைசி ஆட்டம் எங்கள் பூந்தமல்லிக்கும் காட்டுப்பாக்கத்துக்கும், காட்டுப்பாக்கம் ஏரியில். நான் கிளம்பும்போது என் மனைவி ஜுலைகா கதவை மறித்தாள்.

"கால் நேரா கூடினதே அல்லா புண்ணியம். மறுபடியும் அவன் கைல கொண்டுபோய் குடுக்கப் போறியா?"

"குடுக்கப் போகல. வாங்கப் போறேன்."

"இன்னா வாங்குவே? அவன் கால வாங்கி இன்னா பண்ணுவே, உப்புக்கண்டம் போடுவியா?"

அவள் கையை விலக்கிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

லாடம் கட்டுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். எவ்வளவு பெரிய காளையாக இருந்தாலும், அதன் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று பார்த்து அந்தக் காலை எடுத்துவிட்டால் விழும். வேம்புலியைப் போன மூன்று ஆட்டங்களாகக் கரையில் உட்கார்ந்து பார்த்திருந்தேன். அவன் வலது காலால்தான் உடைப்பான். அதற்கு முன் உடம்பு முழுவதையும் இடது காலில் ஊன்றுவான். எப்போது ஊன்றுவான் என்பதை அவனே வாய் திறந்து சொல்லிவிடுவான், பாவம்.

ஆட்டம் பாதிக்கு மேல் ஆனபோது பந்து என்னிடம் வந்தது. வேண்டுமென்றே அவன் பக்கமாக ஓடினேன். அவன் வருவது தெரிந்தது. "மன்னிச்..." என்று ஆரம்பித்தான். நான் பந்தை விட்டேன். அப்படியே தரையோடு படுத்து, அவன் ஊன்றியிருந்த இடது காலில் என் இரண்டு கால்களையும் கொடுத்தேன். அதே விறகுச் சத்தம். அவன் சொல்லி முடிக்காததை நான் சொல்லி முடித்தேன்.

கங்காதரன் விசில் ஊதினார். வேம்புலிக்கு எதிராக ஒருநாளும் ஊதாத விசில், எனக்கு ஏரிக்கரை அதிர ஒலித்தது. என்னை வெளியே போகச் சொன்னார். கோப்பை காட்டுப்பாக்கத்துக்குப் போனது. போகட்டும்.

காட்டுப்பாக்கத்து ஆட்கள் கம்போடு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் தசரதன் என்றொரு பெரிய மனிதர், வேம்புலிக்குச் சித்தப்பா முறை, கையை நீட்டித் தடுத்தார். "இப்ப வாணாம். இவன் போய் புடிக்கணும். புடிக்கிற கைய ஒடிச்சிட்டா அங்கம்மா கட்ட மாட்டா. கட்டு முடியட்டும், அப்பால வச்சிக்கலாம்" என்றார். அடிபடுவதற்கு முறை வைத்துக் காத்திருந்தவன் அந்த ஊரிலேயே நான் ஒருவன்தான்.

அதே கொட்டகை, அதே வைக்கோல். இந்தத் தடவை அவன் கிடந்தான், நான் தலைமாட்டில். மற்றவர்களை அங்கம்மா வெளியே அனுப்பிவிட்டாள். மகனுடைய காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீயா ஒட்ச்சது?"

"ஆமா."

"தெரியாத்தனமாவா?"

"தெரிஞ்சிதான்."

"சரி, புடி."

வேம்புலி என்னை முறைத்தான். "எய்ந்து வந்தேன்னா உனக்கு ரெண்டு காலும் இருக்காதுடா பாய்" என்றான். அங்கம்மா அந்த வாயில் துணியைத் திணித்தாள். காலைப் பிடித்து இழுத்தாள். அவன் உடம்பு வில்லாக வளைந்தது. யாரிடமும் சொல்லாமல் விடாத அந்த வார்த்தையை மகனிடம் அவள் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நூலை எடுத்தாள். கட்டைவிரலிலிருந்து முழங்காலுக்குப் பிடித்தாள். நூல் சில்லின் மேல் விழவில்லை. இரண்டு விரல் அகலம் தள்ளி, காலின் ஓரத்தில் விழுந்தது. பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. மறுபடி இழுப்பாள் என்று நான் பிடியை இறுக்கினேன். அவள் நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, மாவு தடவிய துணியை எடுத்தாள்.

வேம்புலியும் அந்த நூலைப் பார்த்தான். எத்தனை பேரைப் பிடித்திருப்பான்! நூல் எங்கே விழ வேண்டும் என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். துணிக்குள்ளிருந்து ஏதோ கத்தினான். கையை உருவப் பார்த்தான்.

"அம்மா, நூலு வெலகிக் கீது" என்றேன்.

"தெரியும்."

"பாதம் திரும்பிக் கீதும்மா. இப்டியே கட்டுனா இப்டியே கூடிடும்."

"உன் காலு நேரா கீதா?"

"கீது."

"அப்ப உன் வேலையப் பாரு. புடி."

நான் குதித்துக் கொண்டாடியிருக்க வேண்டும். ஒரு வருடமாகக் கேட்டது இதைத்தானே? எனக்கு வந்தது ஆத்திரம். என் எதிரியை என் கையில் பிடித்து வைத்துக்கொண்டு வேறு யாரோ முடிக்கிறார்கள். "நேரா கட்டும்மா. அவன் எய்ந்து வரட்டும். நான் பாத்துக்கறேன்" என்று கத்திவிட்டேன்.

"இன்னா பாத்துப்ப?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அவன் உன்ன ஒடிப்பான், நீ அவன ஒடிப்ப. ரெண்டு பேரையும் நான் இந்த வைக்கோல்ல போட்டு கட்டிகினே இருக்கணும். உலகநாதன் ஊட்டுக்காரி என் வாசல்ல மண்ண தூத்திட்டுப் போனா. அந்த முட்டிய கட்ட எனக்குத் தெரியல பஷீரு. எனக்குத் தெரிஞ்ச வித்தைல அது இல்ல. இது கீது. இவன் நடப்பான். ஏர் ஓட்டுவான். இந்தக் கால்ல நின்னுகினு அந்தக் கால தூக்க மாட்டான்."

வெளியே தசரதன், "முட்ச்சிதா?" என்று குரல் கொடுத்தார். கம்புகள் தரையில் தட்டுப்படும் சத்தம் கேட்டது.

"இல்ல" என்றாள் அங்கம்மா.

வேம்புலி திமிறிக்கொண்டிருந்தான். காளைகளைக் கிடத்திப் பிடித்த கை என்னுடையது, அவனால் அசைய முடியவில்லை. அவள் மகனின் தலைப்பக்கம் நகர்ந்து வந்தாள். அவன் நெற்றியில் ஒட்டியிருந்த ஏரி மண்ணை முந்தானையால் துடைத்தாள். குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மன்னிச்சிக்க நைனா" என்றாள்.

அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன வரும் என்று அவனைவிடத் தெரிந்தவன் யார்? திமிறல் நின்றுவிட்டது. அவன் கை திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. விடுடா என்றேன். அவன் விடவில்லை. அங்கம்மா மூங்கில் பத்தையை வைத்து, துணியைச் சுற்றிக் கட்டத் தொடங்கினாள்.