மாத்திரைக்கு முன்னும் பின்னும்

லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியோடு காலை பத்து மணிக்கு வந்தார். ஐம்பத்து மூன்று வயது. பார்க்கின்சன் நோய் வந்து நான்கு வருடம். விடுப்பில் இருந்தவரை மறுபடி வேலையில் சேர்ப்பதா என்று முடிவு செய்ய, அவர் கைகள் எந்த அளவுக்கு இயங்குகின்றன என்று கம்பெனி கேட்டிருந்தது. அதைச் சோதித்து எழுதித் தருவது என் வேலை.

ஒன்பது துளைகள் கொண்ட பலகையை மேஜையில் வைத்தேன். கிண்ணத்தில் கிடக்கும் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துளைகளில் செருகி, பிறகு உருவிக் கிண்ணத்தில் போட வேண்டும். வலது கைக்கு இருபத்து மூன்று விநாடி, இடது கைக்கு இருபத்தாறு. சட்டைப் பொத்தான்களை மளமளவென்று போட்டார். இந்த நோயில் எழுத்து போகப் போகப் பொடியாகிவிடும். அவர் எழுதிய வரி கடைசிவரை சுருங்கவில்லை.

"நம்ம லிஃப்ட்டே இவ்வளவு ஸ்மூத்தா ஓடாது மேடம்" என்றார்.

மனைவி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, ஏனென்றால் கணவருடைய கழுத்தும் தோளும் தாமாகவே நெளிந்துகொண்டிருந்தன. மருந்து அதிகமானாலும் அப்படி ஆகும். எப்போது மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டேன். எட்டு மணிக்கு என்றார்.

"எட்டு மணிக்கு ஒண்ணு. பஸ்ல வர்றப்போ இன்னொண்ணு" என்றார் மனைவி, தரையைப் பார்த்தபடி.

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. "இப்படிப் போட்டுக் குடுத்துட்டியே" என்றார்.

"உங்க கை பாதி வழியில நின்னுபோய் நீங்க மேலேருந்து விழுந்தா, எனக்கு யாருங்க பதில் சொல்லுவா?"

நான் மருத்துவரிடம் பேசி, அன்றைய அளவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். அடுத்த வாரம் காலை மாத்திரை போடாமல் வரச் சொன்னேன்.

அன்று மனைவிதான் அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். வலது கைக்கு ஐம்பத்தெட்டு விநாடி ஆயிற்று. இடது கை ஆறாவது குச்சியோடு நின்றுவிட்டது. பொத்தானோடு அவர் மல்லுக்கட்டியபோது மனைவியின் கை இரண்டு முறை தன்னையறியாமல் நீண்டது. பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். சோதனை முடிந்ததும் ஒரே ஒரு மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி பார்த்தேன். வலது கைக்கு முப்பத்தொரு விநாடி.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்கிறத மட்டும் எழுதக் கூடாதா மேடம்?"

"ரெண்டுமே உங்க கைதான் சார்."

பலகையை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "மேல ஏறுற வேலை, லிஃப்ட் குழிக்குள்ள இறங்குற வேலை ரெண்டும் வேண்டாம்னு எழுதிடுங்க. நானே சொன்னேன்னு எழுதுங்க."

அவர் சொன்னபடியே எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி ஃபோன் செய்தார். பழுது என்று கூப்பிடுகிறவர்களிடம் விவரம் கேட்டு ஆள் அனுப்பும் வேலையைக் கம்பெனி கொடுத்திருக்கிறதாம், பத்திலிருந்து நாலு வரை. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் காது கிழியக் கத்துகிறார்கள் என்று தினமும் புலம்புகிறாராம். ஆனாலும் ஒரு நாள்கூட லீவு போடவில்லையாம்.

அடுத்த சோதனைக்குத் தேதி கேட்டார். மாத்திரைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு நேரம் குறித்துக் கொடுத்தேன்.