ஹெதரின் வீட்டில் எப்பவும் போல ஒண்ணு

1.
முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தது நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றதால் அதை ஆர்னால்ட் என்ற கற்பனை மனிதர் தலையில் கட்டுகிறேன். வயது எழுபத்தொன்று, கல் குவாரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர்.

2.
இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்கு மேலே மலைப்பக்கம் இருக்கும் எங்கள் ஊரில், நவம்பர் நடுவிலிருந்து ஞாயிறு நண்பகல்களில் எல்லோரும் பப்பில் கூடிக் கிறிஸ்துமஸ் பாட்டுகளைத் தொண்டை கிழியப் பாடுவோம். [தெரிந்ததையே ஏன் சொல்கிறான் என்று கேட்காதீர்கள்.] அந்த பப் நொடித்துப்போய் மூடிக் கிடந்தது. பிறகுதான் வெளியூரிலிருந்து வந்த ஹெதர் அதை வாங்கி வீடாக்கினாள். ஆனாலும் ஊருக்குக் கோபித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. இரண்டு வருடமாக மழையைப் பற்றித் தவிர அவளிடம் யாரும் பேசவில்லை. இந்தக் குளிர்காலமும் இப்படியே போனால் விற்றுவிட்டுப் போய்விடுவதென்று இருந்தாள்.

3.
பனி கொட்டிய அந்த ஞாயிறன்று...

இல்லை. வெறும் தூறல்தான்.

ஆர்னால்ட் காலணியைத் துடைத்தார், தொப்பியைக் கழற்றினார், நேரே கவுண்டரில் முழங்கையை ஊன்றினார்.

"எப்பவும் போல ஒண்ணு குடும்மா."

கவுண்டருக்குப் பின்னால் ஹெதர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கவுண்டர் இப்போது அவளுடைய சமையல் மேடை.

[அவள் கண் கலங்கியதாக ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.]

"பீர் இல்லைங்க. டீ போடட்டுமா?"

ஆர்னால்டுக்குக் காது வரை சிவந்துவிட்டது. கால் பழக்கத்தில் வந்துவிட்டது என்று உளறினார். இப்போது எங்கே பாடுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். எங்கேயும் இல்லை என்றார்.

"அப்ப இங்கயே பாடுங்க."

"ஒத்தை ஆளாவா? நான் கீழ்க்குரல்ல உறுமுறவன்மா. எதிர்ல கழுத வந்து நிக்கும்."

"மத்தவங்களையும் கூட்டிட்டு வாங்க. அடுத்த ஞாயிறு, பன்னெண்டு மணிக்கு."

4.
முடிவு அ: நாற்பது பேர் வந்தார்கள், ஜன்னல் அதிர்ந்தது. தித்திப்பு அதிகம்.

முடிவு ஆ: ஒருவரும் வரவில்லை. அதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

உண்மையில் இன்று சனிக்கிழமை. ஆர்னால்டை விட்டுவிடுவோம். காலையில் ஹெதரும் நானும் தேவாலயக் கூடத்திலிருந்து இருபத்தாறு நாற்காலிகளைத் தூக்கி வந்தோம். எத்தனை பேர் வருவார்கள் என்று அவள் கேட்கவே இல்லை. நானாக இருந்தால் நாலு தடவை கேட்டிருப்பேன். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அவள் இங்கேயே இருக்க வேண்டும்.

இந்தக் கதையைப் படியெடுத்து வீட்டுக்கு வீடு கதவிடுக்கில் போட்டிருக்கிறேன். உங்கள் கையில் இருப்பது அதில் ஒன்று. முடிவை நான் எழுதப்போவதில்லை. நாளை நீங்கள் வராவிட்டால், அந்த நாற்காலிகளை அவள் கண்ணைப் பார்க்காமல் நான் எப்படித் திருப்பித் தூக்கிக்கொண்டு போவேன் என்று மட்டும் சொல்லுங்கள்.