நாற்பத்தேழாவது வரி

அக்காவும் தம்பியும் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. இரத்த வங்கியில் எந்தப் பை எந்தத் தேதியில் காலாவதியாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். எழுதும்வரை ஒற்றுமை. உரிமம் என்று வந்ததும் குடுமிப்பிடிச் சண்டை.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், நிபந்தனையே வேண்டாம், பொதுச்சொத்தாக விட்டுவிடலாம் என்றாள் அக்கா. எடுத்துத் திருத்துகிறவன் திருத்தியதையும் எல்லோருக்கும் தரவேண்டும் என்று எழுதி வைக்கச் சொன்னான் தம்பி. வீட்டில் அவனைக் கடுகு என்று கூப்பிடுவது சும்மா இல்லை. "ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுக்க இது உன் ஒருத்தி சொத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனவன், மூன்று வருஷமாகப் பேசவில்லை.

சண்டை முடியாததால், மென்பொருளை இணையத்தில் போட்டபோது, யார் எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பே வைக்கவில்லை. வைக்காவிட்டால் என்ன, பூட்டாத வீடுதானே, வருகிறவர்கள் வரட்டும் என்று இவள் பாட்டுக்கு இருந்துவிட்டாள். மகா புத்திசாலி! ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தபோதுதான் உறைத்தது. உரிமம் எழுதாத மென்பொருளைத் தொடக்கூடாது என்று அவர்களுடைய வக்கீல் சொல்லிவிட்டாராம். அங்கே மாதாமாதம் இரத்தம் வீணாகிக்கொண்டிருந்தது.

மென்பொருளில் தம்பி எழுதியது நாற்பத்தாறு வரி. அவன் சம்மதம் இல்லாமல் அதை யாருக்கும் கொடுக்க முடியாது. வீம்புக்கு அதை வேறு மாதிரி தானே எழுதப் பார்த்தாள்.

"மூணு தடவ எழுதிட்ட. கடைசில அவன் எழுதினதுதான் வருது. ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிடுவ?" என்றார் கணவர்.

செய்தி அனுப்பிக் கேட்டாள். "கடுகு, ஆஸ்பத்திரிக்கு வேணுமாம். உன் வரிய விட்டுத்தர மனசு இருக்கா? இல்லேன்னா நீ சொன்ன நிபந்தனையவே போட்டுடறேன்டா."

சாயங்காலம் பதில் வந்தது. 'நான் எழுதிய நாற்பத்தாறு வரிகளில் எனக்குள்ள எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக விட்டுத்தருகிறேன்.' அவ்வளவுதான். அக்கா என்றுகூட இல்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. பொதுச்சொத்து என்று உரிமக் கோப்பை எழுதி வைத்து, மருத்துவமனைக்கும் எழுதிவிட்டாள். ஆனாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என்னையும் சேத்துக் கை கழுவிட்டான் பாருங்க" என்றாள் கணவரிடம்.

பத்து நிமிஷம் கழித்து, அவனிடமிருந்து புதிதாக ஒரு வரி வந்தது. சீக்கிரம் காலாவதியாகும் பையைப் பட்டியலில் முதலில் காட்டுகிற வரி. கீழே ஒரு குறிப்பு.

"அக்கா, நாப்பத்தாறும் ஊருக்கு. இந்த நாப்பத்தேழாவத அப்படி விடறதா இல்ல. வேணும்னா போன் பண்ணிக் கேளு."

முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டான்.