நம்பும்படியான வில்லன்

காதலியை ஆட்டிப்படைக்கும் பதினேழு வயதுப் பையனைப் பற்றி எங்கள் பள்ளித் திரைப்பட மன்றம் ஒரு குறும்படம் எடுக்கப்போகிறது. வகுப்பறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வில்லனை உருவாக்கிக்கொண்டிருந்தோம். தழும்பு, தாடி, சிகரெட் என்று எங்கள் வகுப்பிலேயே படிக்கும் இயக்குநர் அடுக்கிக்கொண்டே போனார். அந்த வயதில் அவ்வளவு தாடி எங்கிருந்து முளைக்கும் என்று கேட்டால், கேமராக்காரியான எனக்குக் கலையே தெரியாதாம்.

கதாநாயகியாக நடிப்பவளின் போன் அதிர்ந்தது. அவளுடைய ஆள்தான்.

"யார்கூட இருக்கேன்னு போட்டோ அனுப்பணுமாம்," என்றாள்.

பழகிய குழு அல்லவா? யாரும் சொல்லாமலே இயக்குநரும் ஒலிப்பதிவுக்காரனும் மேசைக்கடியில் புகுந்தார்கள். படத்தில் பையன்கள் தெரிந்தால் அவனுக்குப் பிடிக்காது. நானும் எடிட்டர் பெண்ணும் அவளை அணைத்துக்கொண்டு பல்லைக் காட்டினோம். எந்தப் படப்பிடிப்பிலும் ஃப்ரேம் இவ்வளவு சுத்தமாக அமைந்ததில்லை.

"அனுப்பிட்டேன், வெளிய வாங்க."

இயக்குநர் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டே கதைக்குத் திரும்பினார். "மூணாவது சீன்தான் இடிக்குது. அவன் அவளை இந்தப் பாடு படுத்துறான், ஃப்ரெண்ட்ஸ் பார்த்துக்கிட்டு சும்மா இருக்காங்க. இதை எவன் நம்புவான்?"

காட்சியை ஒருமனதாக வெட்டினோம். முதலில் கை தூக்கியவள் அவள்தான்.