போர்டு சாரின் முழங்கால்

அந்த அலுவலகத்தில் எந்தச் சுவரில் எந்த அறிவிப்பு தொங்கினாலும் அது போர்டு சார் எழுதியதாகத்தான் இருக்கும். ஆறாம் மாடியில் பழைய கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கையெழுத்துதான். கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டிய காகிதத்தை அங்கே ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போர்டு சார் அட்டையில் எழுதி மாட்டிவிட்டால் போதும், மேலாளரே நின்று படித்துவிட்டு அதன்படி நடப்பார். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

கை இப்படி என்றால் கால் அதற்கு நேர்மாறு. இரண்டு முழங்காலும் தேய்ந்து போய், உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு முனகல், எழுந்தால் நடக்க இன்னொரு முனகல். "மாடிப்படி ஏறினீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். அதுவரைக்கும் லிஃப்ட்தான் கதி.

அந்த லிஃப்டோ, நாலு பேர் ஏறினால் ஐந்தாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டு வர வேண்டிய அளவு. பத்து மணி அடித்ததும் வருகைப் பதிவேடு மேலாளர் மேஜைக்குப் போய்விடும். ஒன்பதே முக்காலுக்குக் கீழே நாற்பது பேர் வரிசை கட்டி நிற்பார்கள். போர்டு சார் அதில் கடைசி ஆள். இரண்டு தடவை தாமதமாகியிருந்தது. மூன்றாவது தடவை ஆனால் விளக்கம் கேட்பார்கள், முழங்காலைக் காட்டினால் 'உடல் தகுதி இல்லை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பாவம், அவர் ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒருநாள் வரிசையின் வாலில் நின்றபோது படிக்கட்டின் அடியில் கிடந்த அட்டை கண்ணில் பட்டது. 'லிஃப்ட் பழுது. படிக்கட்டைப் பயன்படுத்தவும்.' போன வருஷம் லிஃப்ட் நிஜமாகவே நின்றபோது அவரே எழுதியது. மணி பத்தாக எட்டு நிமிஷம். லிஃப்ட் நாலு பேரோடு மேலே போயிருந்தது. அவர் அட்டையைத் தூசி தட்டினார், நேரே நடந்து போய்க் கதவுப் பிடியில் மாட்டினார்.

அத்தனை பேர் பார்க்கத்தான் மாட்டினார்! ஒருத்தராவது ஏன், எப்போது என்று கேட்டார்களா? போர்டு சார் மாட்டினால் பழுது, அவ்வளவுதான். லிஃப்டைத் திட்டிக்கொண்டே நாற்பது பேரும் படியேறினார்கள். "நீங்க போங்க, நான் மெதுவா வரேன்" என்று அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷத்தில் கூடம் காலி. லிஃப்டும் இறங்கி வந்தது. அட்டையைப் பைக்குள் செருகிக்கொண்டு, தன்னந்தனியாக, கையைக் காலை நீட்டி நின்று ஆறாம் மாடிக்குப் போனார். மற்றவர்கள் நாலாம் மாடியில் நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"மூட்டுவலியை வெச்சுக்கிட்டு எங்களையே முந்திட்டீங்களே! எந்த வழியா வந்தீங்க?"

"பின்பக்கப் படியில."

அந்த ஒரு பொய் வாயில் வந்துவிட்டது. அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று அட்டை ஏறியது. வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"நாப்பது பேரு மூட்டைத் தேய விட்டுட்டு உங்க மூட்டுக்கு மட்டும் தைலமா? நல்லா இருக்கு நியாயம்!"

"ரெண்டு நிமிஷ வேலைம்மா. இதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

கெட்டுப்போகவில்லைதான். மேலாளருக்கு நல்லதே நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டிய உடம்பு. போர்டின் புண்ணியத்தில் மூன்று மாதம் படியேறி ஏழு கிலோ குறைந்தார். பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் பேசினார். "நம்ம போர்டு சாரைப் பாருங்க. முட்டி போயிடுச்சு, ஆனா எல்லாருக்கும் முன்னாடி மேல வந்து உக்காந்திருக்காரு. மனசுதாங்க காரணம்!" எல்லோரும் கைதட்டினார்கள். போர்டு சார் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கும் பணிவு என்று பேர் வந்தது.

இதற்கிடையில் வாசல் காவலாளி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். போர்டு தொங்கும் ஒவ்வொரு நாளும் புகார்ப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதினார். முப்பத்தேழு சேர்ந்ததும் மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லிஃப்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து மாட்டிவிட்டு, திங்கட்கிழமை வந்து சொன்னார்.

"ஒரு கோளாறும் இல்லை சார்."

போர்டு சாருக்கு உயிர் வந்தது. ஆனால் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே மேலாளரிடம் தொடர்ந்தார்.

"அதான் பயமா இருக்கு. கோளாறு தெரிஞ்சா சரி பண்ணிடலாம். முப்பத்தேழு தடவை நின்னுருக்கு, எதனால நின்னுச்சுன்னே தெரியலை. நாளைக்கு நடுவுல அறுந்து விழுந்தா யாரு பொறுப்பு? சத்தியமா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேற புதுசா போடணுமோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"எதுக்கு?" என்றார் மேலாளர். "போர்டு சாரே ஏறுறாரு. நமக்கு என்ன கேடு? நாளன்னிக்கு இழுத்து மூடிடுங்க."

போர்டு சார் ஆடிப்போய்விட்டார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. "போய் உண்மையைச் சொல்லுங்க. திட்டுவாங்க, தலையை எடுத்துட மாட்டாங்க" என்றாள் மனைவி. மறுநாள் மேலாளர் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, ஒன்றுவிடாமல் கொட்டினார். அட்டை, பை, பின்பக்கப் படி, எல்லாம். சொல்லி முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

மேலாளர் எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கூட்டிப் பெருக்குற அம்மா நேத்து அழுதாங்களாமே, தண்ணி வாளியைத் தூக்கிட்டு எப்படி ஏறுறதுன்னு. அவங்களுக்காகத்தானே இந்தப் பழியைத் தலையில போட்டுக்கறீங்க?"

"ஐயோ, இல்ல சார். நெஜமாவே நான்தான்."

"உங்களுக்குப் பொய் சொல்ல வரலை சார். முகத்துலயே தெரியுது."

போர்டு சார் பதறிப்போய்ப் பையிலிருந்து அட்டையை உருவி மேஜைமேல் வைத்தார். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

"உங்க எழுத்து உங்க பையில இல்லாம வேற எங்க இருக்கும்?" மேலாளர் அட்டையை ஆசையாகத் தடவிப் பார்த்தார். "நல்லவேளை, கொண்டு வந்துட்டீங்க. 'பழுது'க்கு முன்னாடி இடம் இருக்கு பாருங்க. 'நிரந்தரமாக'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க. அந்தம்மாவுக்கு மாடிக்கு மாடி குழாய் போட்டுடலாம்."

அவர் சேர்த்தார். வேறென்ன செய்வார்? முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை தானாக எழுதியது. அந்த ஒரு வார்த்தை மற்ற எல்லா வார்த்தைகளையும்விட அழகாக வந்துவிட்டது.

மறுநாள் காலை அட்டையைக் கதவில் நாலு ஆணி அடித்துப் பதித்திருந்தார்கள். மணி ஒன்பது ஐம்பது. பக்கவாட்டில் பின்படிக்குப் போவதுபோல நைசாக நழுவப் பார்த்தார். காவலாளி விடவில்லை.

"இன்னிக்குப் பின்படி வேண்டாம் சார். எல்லாரோடயும் சேர்ந்து போங்க."

நாற்பது பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மேலாளர் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். "நீங்க முன்னாடி போங்க சார். உங்களைப் பாத்துதான் நாங்க ஏறுறோம்."

படிகள் மொத்தம் நூற்று முப்பத்திரண்டு. லிஃப்டில் போகும்போது அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை, நேற்றுத்தான் மனைவி சொல்லிக் காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இடது கையால் கைப்பிடியைப் பற்றி, வலது காலைத் தூக்கி முதல் படியில் வைத்தார். முழங்காலுக்குள் ஏதோ மளுக்கென்றது. கண்ணில் நீர் முட்டியது.

பின்னால் நாற்பது பேரும் கைதட்டினார்கள்.