மூன்று பேரும் அடங்கும் லென்ஸ்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் வீட்டுக்காரருக்கோ மூக்குதான் பிரச்சினை. எந்தப் படத்திலும் அவர் இருக்க மாட்டார். யாராவது கேமராவை எடுத்தால் போதும், "குடு, நானே எடுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு பின்னால் போய்விடுவார். கல்யாணமான புதிதில் எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மனுஷர் மூக்கை ஒளித்து வைக்கிறார் என்று. சின்ன வயதில் அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், மூஞ்சிக்கு நேராகக் கேமராவை நீட்டி எடுத்த படங்களைப் பார்த்து வீடே உருண்டு புரண்டு சிரித்ததாம். அன்றோடு சரி.

நானும் அதைக் கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன். போன வாரம் மகளின் வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்குக் குடும்பப் படம் கேட்டார்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் நானும் அவளும் மட்டும் இருக்கும் படங்கள். அதில் ஒன்றை எடுத்துப் போனாள். டீச்சர் மெதுவாக, "அப்பா இல்லையாம்மா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள், "அப்பா இருக்காருன்னு சொன்னேன், யாருமே நம்பல" என்று ஓவென்று அழுதாள். இவர் தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷரை எப்படியாவது ஒரு படத்துக்குள் இழுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கேமரா இருந்தது. நாத்தனார் புதுசு வாங்கியதும் பழையதை எங்கள் தலையில் கட்டிவிட்டார், லென்ஸைக் கழற்றிக்கொண்டு. என் பார்லரில் நான் செய்துவிடும் முடி அலங்காரத்தைப் படமெடுத்துக் காட்ட வேண்டும், வீட்டுக்கும் ஆக வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது. ஆக, ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். சனிக்கிழமை மூன்று பேருமாகப் பழைய கேமராக்கள் விற்கும் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் ஒரு பெரிய ஜூமை எடுத்து நீட்டினார். "கிட்ட, தூரம், எல்லாத்துக்கும் ஆகும்மா."

தூக்கிப் பார்த்தேன். செங்கல் மாதிரி கனத்தது. "என் பார்லர்ல தூரம்னு ஒண்ணே கிடையாதுங்க. நாற்காலிக்குப் பின்னாடி ரெண்டு எட்டு வச்சா சுவரு. வெளிச்சமும் சுமார்தான்."

"அப்ப இது உங்களுக்கு இருட்டடிக்கும்" என்று அவரே திரும்ப வாங்கி வைத்துவிட்டார். நேர்மையான ஆள்.

அடுத்து, ஜூமே ஆகாத ஒரு குட்டி லென்ஸ். விலை மலிவு, மங்கலான வெளிச்சத்திலும் பளிச்சென்று எடுக்குமாம். எதை எடுத்துப் பார்ப்பது?

"நான் முடி வெட்டுறவ. எனக்கு ஒரு தலை வேணும்" என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"என்னையா? ஆளை விடு."

"சோதனைக்குத்தாங்க. பாத்துட்டு உடனே அழிச்சிடலாம்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

லிஃப்ட் மெக்கானிக் அவர். அத்தனை மாடி உயரத்தில் நின்று வேலை செய்கிறவர், இங்கே கதவோரம் விறைத்துப்போய் நின்றார். எடுத்தேன். திரையில் தினமும் நான் பார்க்கிற அதே முகம், அதில் அளவான ஒரு மூக்கு. எட்டிப் பார்த்தவர் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். "இதுல என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். மூஞ்சிகிட்ட வச்சு எடுத்தா முன்னால இருக்கற மூக்கு பெருசா விழும். நாலடி தள்ளி நின்னு எடுத்தா உள்ளது உள்ளபடி விழும். அவ்வளவுதான்."

"அப்ப என் மூக்கு மேல தப்பில்லையா?"

"தப்பெல்லாம் உங்க அக்கா மேல" என்றேன். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்ட சுகம் இருக்கிறதே, அப்பப்பா!

அவ்வளவுதான், அந்தக் குட்டி லென்ஸே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது ஒரு தலைக்குத்தாங்க லாயக்கு. நம்ம வீட்ல மூணு தலை!"

"பின்னாடி போய் எடுத்தா மூணும் விழும். வேணும்னா அவரையே எடுத்துக் காட்டச் சொல்லு" என்று, என்னை ஜெயிக்கும் வேகத்தில் தானாகவே வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். நான் மூச்சுக் காட்டவில்லை.

கடைக்காரர் பின்னால் போனார். படியிறங்கினார். தெருவுக்கே போய்விட்டார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனார். "இதுக்கு மேல போக முடியாது சார். பாப்பா பாதிதான் வர்றா!" என்று கடைக்காரர் அங்கிருந்தே கத்தினார்.

இவர் முகம் மாறிவிட்டது. மகளைக் குனிந்து பார்த்தார். "பாதியா? அப்ப அது வேண்டாம். வேற காட்டுங்க" என்றார். அதற்கப்புறம் குட்டி லென்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது, நடுத்தரமான ஒரு ஜூம். யாரோ வாங்கிப் புழங்கியது. வளையத்து ரப்பர் உரிந்திருந்தது. அகலமாகவும் எடுக்கலாம், ஓரளவு இழுத்தும் எடுக்கலாம், வெளிச்சத்துக்கும் பழுதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். விளக்குக்கு நேரே பிடித்து, கண்ணாடிக்குள் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று தேடினேன், வளையத்தைத் திருகிப் பார்த்தேன். கண்ணாடி சுத்தம். ரப்பரைக் காட்டி விலையையும் இறக்கினேன். அது என் கைவந்த கலை.

"வாங்கறதுக்கு முன்னாடி எங்க மூணு பேரையும் எடுத்துக் காட்டுங்க" என்றேன்.

"அகலமா வச்சா மூக்கு?" என்று இவர் இழுத்தார்.

"நான் தள்ளிதானே சார் நிக்கறேன்" என்று கடைக்காரர் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு எடுத்தார்.

இவர் போய்க் கேமராவை வாங்கி, திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சத்தியம் செய்து கொடுத்தவள் ஆயிற்றே.

"அழிச்சிடவா?" என்றேன்.

மகள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணை மூடிட்டேன்" என்று கேமராவைக் கடைக்காரரிடம் நீட்டினார். "இன்னொண்ணு எடுங்க."