துருப்பிடித்த அம்பாசிடருக்கு ஒரு நல்ல வீடு

"சொன்ன வெலையே இருக்கட்டுங்க தம்பி" என்று சோமனூர்க்காரர் சொன்னதும் சாய்குமாருக்குச் சந்தேகம் தட்டியது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஊரில் நாற்பது தறி, பெயர் சுப்பண்ணன். இப்படிப்பட்ட ஆள் கொத்தமல்லிக் கட்டைக் கூடப் பேரம் பேசாமல் வாங்க மாட்டார். மூன்று மாடல்களுக்குக் கேட்டதை அப்படியே எடுத்து நீட்டுகிறார் என்றால் பின்னால் யாரோ இருக்கிறார்கள்.

சாய்குமார் பகலில் கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் கொள்முதல் மேலாளர். மாலை ஆறு மணிக்கு மேல் நுண்மாதிரிக் கலைஞர். கப்பல், விமானம், கார் என்று அசலைச் சின்னதாகச் செய்து வர்ணம் தீட்டுவார். யாராவது அதைப் பொம்மை என்று சொல்லிவிட்டால் அன்று ராத்திரி வெறும் மோர்தான் குடிப்பார். அகில கொங்கு நுண்மாதிரிக் கலைஞர் பேரவைக்கு அவர்தான் பொதுச்செயலாளர். பேரவையில் ஒன்பது பேர் இருந்தார்கள். எட்டுப் பேருக்குப் பதவி இருந்தது. ஒன்பதாவது ஆள் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

வீட்டில் அவருக்கென்று ஹாலில் ஒரே ஒரு சுவர் அலமாரி. அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோதுதான் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின் வந்து சேர்ந்தது. ஒட்டி முடித்தால் இரண்டடி நீளம். இப்போதைக்கு அறுநூற்றுச் சொச்சம் துண்டுகளாக ஒரு பெட்டிக்குள் கிடந்தது. பெட்டி வந்த அன்றே மனைவி கயல்விழி தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"ஒண்ணு உள்ள வரோணும்னா மூணு வெளிய போகோணுமுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள போகலைன்னா நானே போன்ல ரிட்டர்ன் போட்டுருவேன்."

"அது சாதாரணப் பெட்டி இல்ல கயலு. பத்து வருசமாத் தேடிக் கெடச்சது."

"பத்து வருசமா இந்த ஹால்ல ஒரு சோபா போடறதுக்கு நானுந்தான் எடம் தேடறேன்."

கயல்விழி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று என்றால் மூன்று. இரண்டரைக்கு மார்க் கிடையாது.

சாய்குமார் ஒரு போர்க்கப்பல், ஒரு விமானம், ஒரு அம்பாசிடர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். 'ஒரு கலைஞனின் தவம். மூன்று படைப்புகள், தரமான அக்ரிலிக் கண்ணாடிப் பெட்டிகளுடன். தகுதியுள்ளவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்.' மூன்றில் அம்பாசிடர்தான் அவருடைய உயிர். வேலியோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் கார் அது. அதன் துருவை மட்டும் ஐந்து வாரம் தீட்டியிருந்தார். பெங்களூரில் இரண்டாம் பரிசு வாங்கியது. முதல் பரிசு கொடுக்காத நடுவர்களுக்குக் கண் சரியில்லை என்பதைப் பேரவையில் தீர்மானமாகவே போட்டுவைத்திருந்தார்கள்.

தகுதியுள்ளவர்கள் அவசரப்படவில்லை. ஒருவர் மட்டும் போன் செய்து, பேட்டரி போட்டால் கப்பல் ஓடுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுப்பண்ணன் வந்தார்.

வந்தவர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தார். விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "கீறல் கீது இல்லீங்களே?" என்று கேட்டார். சாய்குமார் விடவில்லை. அரை மணி நேரம் துருவைப் பற்றிப் பேசினார். கதவோரத் துரு வேறு, டிக்கி ஓரத் துரு வேறு, மழைத் தண்ணீர் வழிந்த தடம் வேறு. சுப்பண்ணன் "அப்படீங்களா" என்பதைப் பதினான்கு விதமாகச் சொன்னார்.

"என்ன காரியமா வாங்கறீங்கண்ணா?"

"ஊட்ல ஒரு விசேஷமுங்க. நாலு பேரு வருவாங்க, பார்ப்பாங்க."

நாலு பேர் பார்ப்பார்கள்! சாய்குமாருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. பேரவைத் தலைவர் மதன்குமார் போன வருடம் ஒரு லாரியைக் காட்டிப் பரிசு வாங்கினார். அது ஓசூரில் யாரோ செய்து முடித்ததைக் காசு கொடுத்து வாங்கியது என்று பேச்சு. இந்தப் பெரியவர் அவர் அனுப்பிய ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

"உங்களுக்கு மதன்குமாரைத் தெரியுங்களா?"

"தெரியாதுங்களே."

யோசிக்காமல் சொன்னார். சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சாய்குமார் ஒரு தாளை எடுத்து இரண்டு நிபந்தனைகளை எழுதினார். இவற்றை வேறு யார் பெயரிலும் போட்டிக்கு வைக்கக் கூடாது. பெட்டியின் முன்னால் உள்ள 'படைப்பு: சாய்குமார், பொதுச்செயலாளர்' என்ற பித்தளைத் தகட்டைக் கழற்றக் கூடாது. சுப்பண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "ஆவட்டுங்க தம்பி" என்று கையெழுத்துப் போட்டார். அதற்கும் மறுப்பு இல்லை. சாய்குமாரின் சந்தேகம் உறுதியானது.

மூன்றும் போனதும் கயல்விழி அலமாரியைத் துடைத்துவைத்தார். எஞ்சின் பெட்டியைப் பிரிக்க ஞாயிறு பத்தரைக்கு நல்ல நேரம் குறித்தாயிற்று. ஆனாலும் சாய்குமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை, பராமரிப்புக் குறிப்புகள் என்று நான்கு பக்கம் தட்டச்சு செய்துகொண்டு, வேவு பார்க்கச் சோமனூருக்குக் காரை விட்டார். மனைவியிடம் ஆபீஸ் வேலை என்று சொன்னார்.

சுப்பண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே ஜமுக்காளத்தில் வரிசையாகச் சீர்த்தட்டுகள். நடுவில், விளக்கு வெளிச்சத்தில், மூன்று அக்ரிலிக் பெட்டிகள். கப்பல் பெட்டியில் பட்டுப் புடவை மயில் மாதிரி மடித்து வைக்கப்பட்டிருந்தது. விமானப் பெட்டியில் கல்கண்டு. அம்பாசிடர் பெட்டியில் மஞ்சள் பூசிய தேங்காய் ஐந்து. அதன் கீழே பித்தளைத் தகடு மின்னியது: படைப்பு: சாய்குமார், பொதுச்செயலாளர்.

"தகட்டக் கழட்டலீங்க தம்பி" என்றார் சுப்பண்ணன் அவசரமாக. "சொன்ன சொல்லுத் தப்ப மாட்டேன்."

அவர் மனைவி பாப்பாயி காப்பித் தம்ளரோடு வந்தார். "பொட்டி குடுத்த தம்பிங்களா? வாங்க, உக்காருங்க. புதங்கெழமை எங்க பொண்ணு ரித்திகாவுக்குக் கண்ணாலமுங்க. மாப்பள ஊட்ல எல்லாத் தட்டும் கண்ணாடிப் பொட்டில வருதுன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. கடைல கேட்டா பத்து நாள் ஆகும்கறான். நீங்க மகராசன், சமயத்துல குடுத்தீங்க."

"அண்ணா, அப்ப மாடலு?"

சுப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொட்டி மட்டும் போதும்னு மூஞ்சிக்கு நேரா எப்படீங்க தம்பி சொல்றது? நீங்க அத்தன ஆசையாச் சொல்லிட்டிருந்தீங்க. பொம்மைக்கும் சேர்த்துக் குடுத்தாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

பொம்மை. சாய்குமார் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

கப்பலை, விசேஷத்துக்கு வந்திருந்த சொந்தக்காரப் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பார்த்தார்களாம். மிதக்கவில்லை. விமானம் மொட்டை மாடியிலிருந்து கொஞ்ச தூரம் நன்றாகவே பறந்ததாம். "இது ஒண்ணுதான் தம்பி முழுசா இருக்குது" என்று பாப்பாயி துணி துவைக்கிற கல்லிலிருந்து எதையோ எடுத்துவந்தார். ஈரம் சொட்டச் சொட்ட, பால் வெள்ளையில், பளபளவென்று ஓர் அம்பாசிடர்.

"ஒரே துரு. என்னமா ஏறிக் கெடந்துச்சுங்கறீங்க! சோப்புத் தூளப் போட்டு, தேங்கா நாருல அரை மணி நேரம் தேச்சேன். இப்பப் பாருங்க, ஷோரூம்ல இருந்து எறக்குனாப்ல."

ஐந்து வாரம். சாய்குமார் வாயைத் திறந்தார். கொங்கு நாட்டில் வளர்ந்த வாய் அது. "ரொம்ப சந்தோசமுங்கக்கா" என்றது.

"இத இங்கயே வெச்சுக்கறீங்களா அக்கா?"

"கண்ணால ஊட்ல எடம் ஏதுங்க? நீங்களே எடுத்துட்டுப் போங்க. உங்களுதுதானே."

வெற்றிலை பாக்கோடும் கல்யாணப் பத்திரிகையோடும் அம்பாசிடரையும் வாங்கிக்கொண்டார். குப்பைத் தொட்டிகளைக் கடந்தபோதெல்லாம் கார் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோனால் மூன்று இரண்டாகி, எஞ்சின் போய்விடும். பத்திரிகையை டேஷ்போர்டுப் பெட்டியில் திணித்தார். அம்பாசிடரைப் பழைய துண்டில் சுற்றி டிக்கியில் போட்டுப் பூட்டினார்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தை. எஞ்சின் பெட்டியைப் பிரிக்க இன்னும் இரண்டு மணி நேரம். கயல்விழி இரண்டு பை காய்கறியோடு காரின் பின்னால் போய் நின்றார்.

"டிக்கியத் தொறங்க."

"பூட்டு என்னமோ சரியில்ல கயலு. பின்சீட்டுல வெச்சுருவோம்."

"முந்தாநாளு அரிசி மூட்டை எறக்கறப்ப நல்லா இருந்துச்சுங்களே?" கயல்விழி பைகளைக் கீழே வைத்தார். "சாவியக் குடுங்க."

டிக்கி திறந்தது. துண்டும் திறந்தது. வெயிலில் அம்பாசிடர் கண்ணைப் பறித்தது.

"புதுசு வாங்கியிருக்கறீங்க."

"ஐயோ, இது பழசு கயலு. நம்ம துருப்புடிச்ச அம்பாசிடரு."

"இதுலயா துரு?"

"கழுவிட்டாங்க."

"யாரு?"

"வாங்குனவங்க. சோமனூர்ல."

"வாங்குனவங்க, கழுவி, தொடச்சு, உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க. பணத்தையாச்சும் திருப்பிக் கேட்டாங்களா?"

"இல்ல. அவங்களுக்குப் பொட்டிதான் வேணுமாம். தேங்கா வெக்கறதுக்கு."

பக்கத்தில் தக்காளிப் பையோடு நின்றிருந்த ஒருவர் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார்.

"அப்ப நேத்து ஆபீஸ் வேலைன்னது சோமனூருக்குங்களா?"

சாய்குமார் நடந்ததை முதலிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். விமானம் பறந்ததைச் சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. கயல்விழி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பரீட்சையில் வழிமுறை இல்லாமல் விடையை மட்டும் எழுதிய பையனைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து நாலைந்து தடவை தட்டினார்.

"காரணம் என்னன்னு கேக்குதுங்க. 'வீட்டில் இடமில்லை'ன்னு போட்டுட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு வந்து எஞ்சின எடுத்துக்குவாங்களாம்."

கீரைக்கட்டை அம்பாசிடரின் மேல் வைத்து டிக்கியைச் சாத்தினார்.